உபயம் சிவநேசன்

ராமசாமி ஒரு சனிக்கிழமை மத்தியானம் செத்துப்போனார். அவருடைய ஒரே மகன் ஹரீஷ் அன்றைக்குச் சரவாக்கில் மீரிக்கு அப்பால் நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையாக இருந்தான். மழையும் காற்றுமாக இருந்ததால் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. மறுநாள் பறந்தாலும், கரைக்கு வந்து, கோலாலம்பூருக்கு ஒரு விமானம், அங்கிருந்து பினாங்குக்கு இன்னொன்று என்று திங்கட்கிழமை காலைக்கு முன்னால் அவனால் வந்து சேர முடியாது. ராமசாமியின் மனைவி ருக்குமணி, யார் என்ன கேட்டாலும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எம் மவன் வந்து அவங்கப்பா மொகத்தப் பாக்கணும்க்கா. அவன் கையாலதான் கொள்ளி வெக்கணும்."

பினாங்கு வெக்கையில் ஓர் உடலைத் திங்கள் வரைக்கும் வைத்திருக்க வேண்டுமென்றால் குளிர்பெட்டி வேண்டும். எங்கள் பாடாங் தெம்பாக் ஃபிளாட்டில் குளிர்பெட்டி என்றால் சிவநேசன். ஆகவே சிவநேசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. போன மாதம் அவருடைய மணிவிழா மலருக்கு அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கண் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் குமுதா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குரல் கணீரென்று இருக்கிறது என்று எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயிலில் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சிவநேசனின் பெயரை இந்த ஊரில் என்னைவிட அதிகம் உச்சரித்தவர் யாரும் இருக்க முடியாது. "கொடைச் செம்மல், வாரி வழங்கும் வள்ளல், சமூக சேவையாளர் திரு. சிவநேசன் அவர்கள்." இதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் அவருக்குப் பிடிக்காது.

சிவநேசன் பிறந்தது சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். சிவநேசன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜார்ஜ்டவுனுக்கு வந்து, ஒரு சீனர் ஹார்ட்வேர் கடையில் ஆணியும் பெயிண்டும் தூக்கினார். நல்ல உழைப்பாளி. அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தவ்க்கே, அதாவது சீன முதலாளி, வயதாகிக் கடையை மூடியபோது, அதே சரக்கை எடுத்துத் தன் பெயரில் கடை போட்டார். கடை ஓடியது. இது வரைக்கும் அவரும் எல்லாரையும் போல ஒரு மனிதர்தான். அதற்குப் பிறகுதான் தருமம் செய்ய ஆரம்பித்தார்.

முதலில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். அதன்மேல் "உபயம் சிவநேசன்" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொன்னார். கடையில் பெயிண்டுக்கா பஞ்சம். எழுதினவன் எவ்வளவு தாராளமாக எழுதினான் என்றால், லைட்டைப் போட்டால் அவர் பெயர் தெரியும், அம்மன் முகம் தெரியாது. அடுத்து மின்விசிறி. அதன் மூன்று இறக்கையிலும் பெயர். சுற்றும்போது படிக்க முடியாது என்று யாரோ சொல்ல, நடுவிலும் ஒன்று எழுதிக்கொண்டார். பிறகு கடிகாரம், செருப்பு வைக்கும் தட்டு, குப்பைத்தொட்டி. மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு கொடுத்தார். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சோற்றைத் தின்று முடித்தால் அடியில் சிவநேசன். தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போடுவார். வெள்ளி ரதம் வரும் வழியில் வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு மோர். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காகிதக் கப்பில் அவர் படம். மோர் குடித்தால் அவர் மூக்கில் நம் உதடு படும். பந்தல் முகப்பில் முருகன் ஓர் ஓரத்தில் சின்னதாக, இவரிடம் வேலை கேட்டு வந்தவர் மாதிரி நிற்பார்.

ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கி ஒரு வாக்கியம் சொல்லுவார். "நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யறவன் இல்ல." சொல்லிவிட்டுக் கைதட்டல் முடியும் வரைக்கும் அங்கேயே நிற்பார்.

வியாபாரத்திலும் இதே கதைதான். சின்ன கான்ட்ராக்டர்களுக்கு ஒரு மூட்டை சிமெண்டை மேலே போட்டுக் கொடுப்பார். "சும்மா வெச்சுக்க தம்பி, கணக்கெல்லாம் பாக்காத." தம்பி சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போவான். பிறகு அந்தத் தம்பி, அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்து வாசலில் நிற்க வேண்டும். அவர் ஜோக் அடித்தால் முதலில் சிரிக்க வேண்டும். வேறு கடையில் ஒரு கொண்டி வாங்கினாலும் அவருக்குச் சேதி போய்விடும். கடன் வாங்கினவனாவது கட்டிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். சிவநேசனிடம் சும்மா வாங்கினவனுக்குச் சாகும் வரைக்கும் விடுதலை கிடையாது.

ஒரு தடவை அவசரத்தில் "வாரி வழங்கும் வள்ளல்" என்பதை விட்டுவிட்டேன். அடுத்த வாரமே கோயிலுக்கு அவர் கொடுத்திருந்த ஒலிபெருக்கியை லோரி வந்து எடுத்துப் போனது. "சர்வீஸுக்குப் போவுதுலா" என்றார். ஒரு திருவிழா முழுக்க நான் வெறும் தொண்டையில் கத்தினேன். ஒலிபெருக்கி திரும்பி வந்தபோது அதில் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு. இத்தனையும் தெரிந்துதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தோம், அவர் மோரைக் குடித்தோம், அவர் வந்தால் எழுந்து நின்றோம். ஓசியில் கிடைத்தால் போதும் என்கிற கூட்டம்தானே. முதுகுக்குப் பின்னால் சிரித்துவிட்டு, முகத்துக்கு நேரே "அண்ணன் மாதிரி வருமா" என்போம்.

குளிர்பெட்டி சில வருடங்களுக்கு முன்னால் வந்தது. கண்ணாடி மூடி, ஓரத்தில் சின்ன விளக்கு, கால்மாட்டில் மோட்டார். பக்கவாட்டில் தங்க எழுத்தில் "உபயம் கொடைச் செம்மல் சிவநேசன்", அதற்குக் கீழே கடை முகவரியும் டெலிபோன் நம்பரும். இந்த வட்டாரத்தில் எந்த ஜீவன் போனாலும் கடைசியாக அவர் விளம்பரத்துக்கு உள்ளேதான் படுத்திருக்கும். அழ வருகிறவர்கள் குனியும்போது கண்ணில் படுவது அந்த நம்பர்தான்.

இத்தனை வருடமும் சிவநேசன் மனதில் வைத்திருந்தது கோயில் தலைவர் பதவி. அதை வாய் விட்டுச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும். அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் பழைய தலைவரை எதிர்த்து நிற்பதாகப் பெயர் கொடுத்தார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ராமசாமி செத்தது அதற்கு முந்தின நாள்.

செய்தி போனதும் சிவநேசன் தானே குளிர்பெட்டியோடு வந்து இறங்கினார். அதற்கு முன்னால் அவர் எந்தச் சாவுக்கும் லோரியோடு வந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் அய்யாக்கண்ணுதான் கொண்டுவந்து போடுவார். லிஃப்டில் பெட்டி ஏறாது என்பதால் எங்கள் ஃபிளாட்டில் உடலைக் கீழே, தூண்களுக்கு நடுவில்தான் கிடத்துவோம். அங்கே கெனோபி என்கிற துணிப்பந்தல் கட்டினார்கள், நாற்காலி போட்டார்கள். அண்ணனைப் படம் எடுக்க ஆளும் கூட வந்திருந்தான். ராமசாமியைப் பெட்டிக்குள் வைக்கும்போது சிவநேசன் தலைமாட்டில் ஒரு கையைக் கொடுத்தார். கண் மட்டும் கேமராவைப் பார்த்தது. பிறகு ருக்குமணியிடம் போனார்.

"ஒன்னும் கவலப்படாதம்மா. ஹரீஷ் எப்ப வாரானோ அது வரைக்கும் பெட்டி இங்கதான். நான் எதையும் எதிர்பார்க்கல."

ருக்குமணி கையெடுத்துக் கும்பிட்டாள். அதை வாங்கிக்கொண்டு, ராமசாமியின் தம்பிமார் நின்ற பக்கம் போனார். ராமசாமிக்குத் தம்பிகள், சித்தப்பா பிள்ளைகள், அவர்கள் பெண்டாட்டிமார் என்று அந்தப் பிளாக்கில் ஒரு பட்டாளமே உண்டு. அத்தனை பேரும் கோயில் உறுப்பினர்கள்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. ஞாபகம் இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். சாவு வீட்டில் யார் என்ன கேட்டாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

மறுநாள் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சிவநேசன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் இருந்தார். தலைவர் தேர்தலுக்கு முன்னால் யாராவது பேசலாம் என்றதும் சிவகுருநாதன் எழுந்தார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிறவர்.

"சபையோரே, சிவநேசன் அவர்கள் இந்தக் கோயிலுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் இதே மேடையில் நின்று, தான் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அப்படிப்பட்டவருக்கு ஒரு பதவியைக் கொடுத்தால், செய்ததற்குக் கூலி கொடுத்தது போல ஆகிவிடும். அந்தப் பழியை நாங்கள் அவர் மேல் போடக் கூடாது என்று நான் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆளாளுக்குக் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டும்போது சிவநேசனும் தட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த முகத்தை நான் ரசித்தேன். ரசிக்காமல் இருக்க நான் என்ன அம்மனா.

கை தூக்கச் சொன்னார்கள். பழைய தலைவரே சில கைகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தச் சில கைகள் எங்கே என்று சிவநேசன் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. ராமசாமி குடும்பத்துப் பட்டாளத்தில் ஒருவரும் வரவில்லை. கூட்டம் முடிந்து பிரசாதம் கொடுப்பதற்குள் அவர் காடியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சாவு வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது. அய்யாக்கண்ணு இறங்கினார். இறங்கினவர் யார் முகத்தையும் பார்க்காமல் என்னிடம் மட்டும் வந்தார்.

"அக்கா, பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு. கெனோபி, நாக்காலி எல்லாத்தையும்தான்."

"உள்ள ஆள் இருக்காருய்யா."

"நானும் அதத்தான்க்கா சொன்னேன். சர்வீஸ் டியூங்கிறாரு. நான் என்னக்கா செய்ய முடியும், எனக்கும் வேல இருக்குல்ல."

அவரைத் திட்டி என்ன பிரயோஜனம். நான் சிவநேசனுக்குப் போன் போட்டேன். பெட்டியில் எழுதியிருந்த நம்பருக்கே போட்டேன்.

"அண்ணே, குமுதா பேசறேன். லோரி வந்து நிக்குது. ஹரீஷ் நாளைக்குக் காலையில வந்துருவான். நாளைக்கு மத்தியானம் எடுத்துக்குங்கண்ணே. இப்ப எடுத்தா ஒடம்பு தாங்காது. அந்தப் புள்ள மொகம் பாக்க முடியாமப் போயிரும்."

"கம்ப்ரஸர் செக் பண்ணணும் குமுதா. மெசின் இல்லியா. நாளைக்கு வெடிச்சி கிடிச்சிருச்சின்னா எம் பேருதான கெடும்."

"அண்ணே."

அவர் குரல் மாறியது.

"ஒன்னு கேக்குறேன். ராமசாமி தம்பிங்க, சித்தப்பன் புள்ளைங்க, அத்தன பேருல ஒருத்தன் இன்னிக்கு வந்தானா? ஒரு கை தூக்குனானா? நேத்துதான எம் பெட்டியக் கொண்டாந்து வெச்சேன். நன்றிகெட்ட ஜென்மங்க."

"அவங்களுக்குத் தீட்டுண்ணே. சாவு விழுந்த பங்காளிங்க எப்படிக் கோயிலுக்குள்ள வருவாங்க?"

தீட்டுக்காரர் ஒருவர் கோயில் வாசலில் நின்று சாமியைக் கும்பிட்டதற்கே சத்தம் போட்டு விரட்டின மனிதர் இவர். தன் ஓட்டுக்குக் கணக்குப் போடும்போது மட்டும் அது மறந்துபோயிருக்கிறது. சாவு வீட்டில் போய் ஓட்டுப் பொறுக்கினார். அந்தச் சாவே ஓட்டை எல்லாம் வீட்டில் உட்கார வைத்துவிட்டது. இப்போதாவது இளகுவார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"சரி, அத விடு," என்றார். "லோரி வந்துருச்சில்ல. ஆளுங்களுக்கு ஓவர்டைம் வேற. எடுத்துட்டு வரட்டும்லா."

போனை வைத்துவிட்டார்.

நாற்காலிகளை முதலில் எடுத்தார்கள். அய்யாக்கண்ணு யாரையும் எழச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தவர்களே ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கிக் கொண்டுபோய் லோரியில் வைத்தார்கள். ஒருவர் துடைத்து வேறு கொடுத்தார். இந்தப் பணிவுக்கு எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

பெட்டியை எடுக்க ருக்குமணி அருகில் யாரும் போகத் துணியவில்லை. அவள் மோட்டார் சத்தம் வரும் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ராமசாமியின் தம்பி வேறு பெட்டி தேடிப் போன் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்று பட்டர்வொர்த்தில் இருந்தது, அது வேறொரு சாவுக்குப் போயிருந்தது. இன்னொன்று ரிப்பேர். ஈமச்சடங்கு செய்கிற ஒருவர், ரத்தத்தை எடுத்துவிட்டு மருந்து ஏற்றினால் நாள் கணக்கில் வைத்திருக்கலாம் என்றார். ருக்குமணி அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"வேணாம். சக்கர வியாதியில வெரல வெட்டுனாங்க, அப்புறம் பாதத்த வெட்டுனாங்க, அப்புறம் முட்டிக்குக் கீழ வெட்டுனாங்க. இனிமே யாரும் அவரு மேல கத்தி வெக்கக் கூடாது."

"அப்ப இன்னிக்கே எடுத்துருவோம் அண்ணி. நான் கொள்ளி வெக்கிறேன்," என்றான் தம்பி.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஹரீஷ் அதற்குள் கரைக்கு வந்துவிட்டதாகச் சேதி அனுப்பியிருந்தான். அவனிடம் யார் சொல்வது.

அப்போதுதான் எனக்கு ஹனீபா ஞாபகம் வந்தார். பாசாரில், அதுதான் எங்கள் காலைச் சந்தையில், மீன் விற்கிறவர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரை நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நேற்றைய கெம்போங் மீனை இன்றையது என்பார். தராசில் கட்டைவிரல் இருக்கும். பேரம் பேசினால் "வேற எங்கயாச்சும் போய் வாங்கு" என்று நாலு பேர் முன்னால் கத்துவார். ஆனால் அவரிடம் ஐஸ் இருந்தது. போன் போட்டேன்.

"ஞாயித்துக்கெழம மனுசனத் தூங்க விடமாட்டீங்களா," என்றுதான் எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "எந்த பிளாக்கு?" என்றார். சொன்னேன். போன் கட்டாகிவிட்டது. வருவாரா, மாட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

வந்தார். மீன் வாடையடிக்கும் அதே வேனில், தானே ஓட்டிக்கொண்டு, வேன் நிறைய ஐஸ் பைகளோடு வந்தார். அய்யாக்கண்ணு அது வரைக்கும் பெட்டியை எடுக்காமல் லோரியையே சுற்றிச் சுற்றி வந்து, டயர் பார்க்கிறேன், கயிறு பார்க்கிறேன் என்று நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"எங்க எறக்கறது? சீக்கிரம் சொல்லு, வேன நடு ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்," என்றார் ஹனீபா.

ராமசாமியின் அக்கா அங்கிருந்தே முகத்தைச் சுளித்தாள். "மீன் ஐஸா? சாவு வீட்டுலயா? கவிச்சி ஆவாதும்மா."

"ஃபேக்டரியிலருந்து நேரா வருது. ஒரு மீனும் இது மேல படுக்கல. வேணும்னா வெச்சுக்க, வேணாம்னா சொல்லு, திருப்பிக் கொண்டு போறேன்."

ருக்குமணி எழுந்து நின்றாள். "வெய்ங்க நானா," என்றாள்.

ஹனீபா ஒரு மேசையைக் கொண்டுவரச் சொன்னார். மேலே தார்ப்பாய், அதன்மேல் ஐஸ் பைகள், அதன்மேல் பாய், பாய்மேல் வெள்ளைத் துணி. ராமசாமியைப் பெட்டியிலிருந்து எடுத்து அதில் கிடத்தினோம். பக்கத்திலெல்லாம் பைகளை நெருக்கி அடுக்கினார். மீன் அடுக்குகிற கைதான். ஒரு மரியாதை, ஒரு பயம், ஒன்றும் இல்லை. தார்ப்பாயின் ஒரு மூலையை மடித்துத் தண்ணீர் வாளியில் இறங்கும்படி செய்தார். அய்யாக்கண்ணுவின் லோரி பெட்டியோடு போனதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான், "யாரு இது?" என்று கேட்டார்.

"ராமசாமி. பஸ் ஓட்டிக்கிட்டிருந்தாரு."

"எங்கிட்ட மீன் வாங்கியிருக்காரா?"

"இல்ல நானா. உங்க மீன் நல்லா இருக்காதுன்னு வேற கடைக்குத்தான் போவாரு."

"அப்ப வெவரமான ஆளு," என்றார்.

ருக்குமணி முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள், அவிழ்க்கப் போனாள். அதற்கு ஒரு கத்து கத்தினார். "சாவு வீட்டுக் காசு எனக்கு எதுக்கு. நாளைக்குத் திங்கக்கெழம, பாசார்ல மீனே இருக்காது, ஐஸ வெச்சி நான் என்ன செய்ய." பிறகு என் பக்கம் திரும்பி, "இதப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. அப்புறம் பினாங்குல சாவறவன் அத்தன பேரும் எங்கிட்ட வந்து நிப்பான்," என்றார்.

இதோ சொல்லிவிட்டேன். திட்டுவார், திட்டட்டும். மறுநாள் விடிகிற நேரத்தில் அவரே இன்னொரு வேன் ஐஸ் கொண்டுவந்து மாற்றிவிட்டு, காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கு வள்ளென்று விழுந்துவிட்டுப் போனார்.

ஹரீஷ் வந்தான். தோளில் பையோடு, இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு வந்தான். கூட்டம் விலகியது. ருக்குமணி அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தி, முகத்தை மூடியிருந்த துணியை எடுத்தாள். ராமசாமி உறங்குகிற மாதிரியே இருந்தார், எப்போதும் இருக்கும் அந்தச் சிடுசிடுப்புகூட அப்படியே இருந்தது. ஹரீஷ் அப்பாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தான்.

"சில்லுன்னு இருக்கும்மா," என்றான். பிறகு அழ ஆரம்பித்தான். நானும் அழுதேன். எனக்கு ராமசாமியைப் பிடிக்கவே பிடிக்காது. அப்படியும் அழுதேன்.

சடங்கெல்லாம் முடித்து, சவப்பெட்டியில் வைத்து, பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் புறப்படும் நேரம். அப்போது சிவநேசன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பெரிய மாலை, பின்னால் அதே படம் எடுக்கிற ஆள். முந்தின நாள் அவர் நாற்காலியை மடக்கிக் கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் நின்றுகொண்டிருந்த கூட்டம், இப்போது அவருக்கு வழி விட்டது. பழக்கம். மாலையைப் போட்டார். ஹரீஷின் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, நீ வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருக்கணும்னுதான் எம் பெட்டிய அனுப்பி வெச்சேன். நானே கொண்டாந்தேன். எதையும் எதிர்பார்த்துச் செய்யல."

சொல்லிவிட்டு நின்றார். கைதட்டலுக்கு நிற்பாரே, அதே மாதிரி நின்றார். ஹரீஷுக்கு எதுவும் தெரியாது. தோற்ற கூட்டமும் தெரியாது, லோரி வந்ததும் தெரியாது. வந்து இறங்கினதிலிருந்து அழுதுகொண்டிருந்த பையனிடம் யார் போய் அதையெல்லாம் சொன்னோம். அவன் அம்மாவைப் பார்த்தான்.

நான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு எனக்கு மைக் தேவைப்பட்டிருக்காது. எட்டாவது மாடி வரைக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பேன். ருக்குமணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"விடுங்கக்கா," என்றாள். "பாவம், இதுக்காகத்தான வந்திருக்காரு. குடுத்துட்டுப் போவோம்."

அவள் அதை மெதுவாகச் சொல்லவில்லை. சிவநேசனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மகனிடம், "அங்கிளுக்கு நன்றி சொல்லுப்பா," என்றாள்.

ஹரீஷ் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். சிவநேசன் காதில் எல்லாம் விழுந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே நின்று, அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டுதான் போனார்.